தோளைப் பற்றி அவர் கேட்டபோது

தம்பி,

நேற்றுப் பின்னேரம் வடக்கு இத்தாலியிலிருந்து அந்த பேஸ்போல் கிளப் மனேஜர் போன் எடுத்தார். நீ வேலையில் நின்றாய். அம்மா தான் பராமரிக்கிற சிஞ்ஞோரா கிழவியின் வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை. வீட்டில் நான் மட்டும். அவர் உன்னுடைய தோளைப் பற்றித்தான் கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அது என்ன பதில் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுவேன், ஆனால் கடைசியில்தான் எழுதுவேன். முதலே எழுதினால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய் என்பதும் தெரியும். பார்த்தால் பரவாயில்லை, திரும்ப இந்த இடத்துக்கு வா. தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இத்தாலியனில் எழுதினால் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கோபப்படுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். கோபம் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

போன கிழமை மைதானத்திலிருந்து ஒரேத்தோத் தெருப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தோம். நீ திடீரென்று சொன்னாய்: “அப்பா, அந்தாள் உங்களிட்டைத்தான் கேக்கும். தோள் சுகமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நீங்கள் சொன்னா நம்புவினம்.” நான் வீட்டில் பாண் இருக்கிறதா என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு ஓம் என்றாய். பாணுக்கு நீ சொன்ன ஓமை, தோளுக்கு நான் சொன்ன ஓமாக எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே விட்டுவிட்டேன். வீடு வரும்வரை நீ விசிலடித்தாய். உனக்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. மாதா மாதம் சம்பளம். இருக்க ஒரு அறை. உன்னுடைய பெயரில் வேலை ஒப்பந்தம், அதை வைத்து இந்த நாட்டில் இருக்க உனக்கென்று ஒரு பெர்மெசோ. பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்து பாரில் கோப்பை கழுவுகிறவன் அல்ல, பந்து எறிகிறவன் என்று உன்னைப் பற்றிச் சொல்லலாம். தோளில் நோவு என்று தெரிந்தால் அவர்கள் இன்னொருவனை எடுப்பார்கள். உன்னளவு எறிகிறவன் எங்கேயோ ஒருவன் காத்துக்கொண்டுதான் இருப்பான்.

தோளைப் பற்றி நீ எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. நானாகத்தான் பார்த்தேன். மாசி மாதத்திலிருந்து சேர்ட் போடும்போது முதலில் வலது கையை நுழைக்கிறாய். நோகிற கையைத்தான் மனிதர்கள் முதலில் நுழைப்பார்கள். நல்ல கை பிறகு தன்பாட்டில் வளைந்து கொடுக்கும். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் கோப்பித் தூளை இப்போது அம்மாவைக் கொண்டு எடுப்பிக்கிறாய். அவவை விட நீ இரண்டு சாண் உயரம். அவ கதிரை வைத்து ஏறுகிறா, நீ பார்த்துக்கொண்டு நிற்கிறாய். இதையெல்லாம் நான் தகப்பனாகப் பார்த்தேனா, மனேஜராகப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதம் எழுத அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்றாய். ஏன் நம்புவார்கள்? நீ பத்து வயதில் இங்கே வந்தாய். அதற்கு முன் நடந்தவை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதுவும் பல்வைத்தியர் சொன்னவை. அவர் எதையும் கூட்டித்தான் சொல்லுவார். நான் அவருடைய கிளினிக்கைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பேஸ்போல் கிளப்பின் தலைவர். வேறு எவரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. ஒரு நாள் மறந்துவிட்டுப் போன கதவுத் திறப்பைக் கொண்டுவரச் சொன்னார். மைதானத்துக்குள் நான் நுழைந்தபோது ஒரு பந்து மிக உயரத்தில் என்னை நோக்கி வந்தது. திறப்பை வாயில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன். எல்லோரும் ஓடிவந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நோகவில்லையா என்று கேட்டார்கள். நொந்தது. இல்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியில் கிரிக்கெட் விளையாடிய எவனும் அந்தப் பந்தைப் பிடித்திருப்பான். விக்கெட் காப்பாளரைத் தவிர எங்களில் யாருக்குக் கையுறை இருந்தது? இன்னொன்று அடித்தார்கள். அதையும் பிடித்தேன். பிறகு மரியாதையாக எனக்கு ஒரு கையுறை தந்தார்கள். அதைப் போட்ட பிறகு எல்லாவற்றையும் விட்டேன். அந்தத் தோலுக்குள் என் கை செத்துப்போய்க் கிடந்தது. ஆகவே முதல் பருவம் முழுக்க, உயரப் பந்து வரும்போது கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தேன். அதைப் பார்ப்பதற்காகவே போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கமிருந்து பெடியள் வந்தார்கள்.

அடித்துவிட்டு மட்டையோடு ஓடிய கதை உனக்குத் தெரியும். கிரிக்கெட்டில் மட்டையை விட்டுவிட்டு ஓடுகிறவன் மடையன். இங்கே கொண்டு ஓடுகிறவன் மடையன். முதல் பேஸில் நின்ற எதிரணிக்காரன் நான் அவனை அடிக்க வருகிறேன் என்று நினைத்துப் பின்னால் போனான். அப்படி ஒருவனுக்குத்தான் பல்வைத்தியர் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார். அந்த மைதானத்தில் பந்தடிக்கக் காசு வாங்கிய முதல் ஆள் நான்தான். மற்றவர்கள் மாணவர்கள், ஒருவர் தபால்காரர், ஒருவர் பாண் சுடுகிறவர். சப்பாத்துக்கூடத் தங்கள் காசில் வாங்குகிறவர்கள். என்னைத் தொழில்காரன் என்று கூப்பிட்டார்கள். நல்லாய் விளையாடினால் அது பட்டம், பந்தை விட்டால் அது வசவு. நான் ஒரு பந்தை விட்டால் தபால்காரர் பல்வைத்தியரைப் பார்த்து, தலைவரே இந்தப் பந்துக்குரிய காசைத் திருப்பிக் கேளுங்கள் என்று கத்துவார். வெளியே தெரியும்படி விளையாட்டுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதால் மைதானம் பராமரிப்பவன் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். மைதானத்தையும் நான்தான் பராமரித்தேன், அது பொய்யில்லை. அந்த ஒப்பந்தத்தைக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் காட்டித்தான் உன்னையும் அம்மாவையும் கூப்பிட்டேன். இதை நீ நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அம்மா வைத்திருக்கிறா. அவவின் கதை பின்னால் வரும்.

அந்தப் பிடி. அன்றைக்கு நீ வேலியில் ஏறி இருந்தாய். பன்னிரண்டு வயது. கத்தானியாவிலிருந்து வந்த அணி. வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். கடைசி ஆள் அடித்தான். பந்து தாழ்வாக எனக்கு முன்னால் விழ வந்தது. ஓடிப் பாய்ந்தேன். கையுறைக்குள் வந்தது. ஆனால் வருவதற்கு முன் மண்ணைத் தொட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. நேரே வருகிற பந்து தோலில் அறைகிறது. மண்ணில் பட்டு வருவது உரசிக்கொண்டு வருகிறது. நடுவர் தூரத்தில் நின்றார். அவுட் என்று கை முட்டியை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது. எல்லோரும் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். பாண் சுடுகிறவர் அழுதார். நான் எழும்பி, அவர்களுக்குள்ளால் நடந்து, நடுவரிடம் போனேன். கை கொடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நிலத்தில் பட்டது என்றேன். அவர் விளங்காதவர்போல் பார்த்தார். திரும்பச் சொன்னேன். நாங்கள் விளையாடிய இடத்தில் அது வழமை. ஆட்டமிழந்தது தனக்குத் தெரிந்தால் துடுப்பாட்டக்காரன் நடுவரின் விரலுக்குக் காத்திருக்க மாட்டான், தானாக நடந்து போவான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பான். அதற்காக யாரும் அவனைப் புகழ்வதும் இல்லை. பேஸ்போலில் வேறு வழமை என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. பார்ப்பது நடுவரின் வேலை. விளையாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது அவர்களிடத்தில் களவு இல்லை, ஒழுங்கு. கத்தானியாக்காரர்கள் எனக்கு நன்றி சொல்லவில்லை. எங்களிடம் காசு வாங்கிவிட்டானா என்று அவர்களில் ஒருவன் தன் ஆட்களையே கேட்டான். ஆட்டம் தொடர்ந்தது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தோம். தபால்காரர்தான் கேட்டார். “தொழில்காரா, உன்னுடைய தொழில்தான் என்ன?” அவர் பகிடியாகக் கேட்கவில்லை. வரும் வழியில் உனக்கு ஒரு அரஞ்சினா வாங்கித் தந்தேன். அந்தச் சோற்று உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே நீ, ஏன் சொன்னீங்கள் என்று கேட்டாய். பட்டதுதானே என்றேன். “ஆனா அவருக்குத் தெரியேல்லையே அப்பா.” வாயில் சோற்றோடு சொன்னாய். உன் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டேன்.

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் மூன்று பேருடைய பெர்மெசோவும் போகும். அம்மாவிடம் சொல்லவில்லை. பல்வைத்தியர் கிளினிக்குக்குக் கூப்பிட்டார். மற்றக் கதிரைகளில் பெட்டிகள் இருந்ததால் என்னை நோயாளிக் கதிரையில் இருத்தினார். விளக்கு நேரே முகத்தில். அவர் கோபமாக இல்லை. மாறாக உற்சாகமாக இருந்தார். இந்தத் தீவில் உள்ள நடுவர்கள் எல்லோருக்கும் கதை போய்விட்டது என்றார். வருகிற பருவத்திலிருந்து நீதான் மனேஜர் என்றார். உன்னுடைய கால் எப்படியும் முடிந்துபோன கால். ஆனால் நீ மைதான ஓரத்து வாங்கிலிருந்து எழும்பி நடுவரிடம் போய், ஐயா இது பிழை என்றால் அவர் நம்புவார். வேறு எந்த அணியிடமும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார் அவர். அன்றைக்கு அதை நான் பரிசு என்று நினைத்தேன். உண்மை சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை. அவர் ஒரு நல்ல கருவி வாங்கியிருக்கிறார் என்று விளங்க ஒரு பருவம் போயிற்று. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்க மாட்டோம்.

மனேஜர் வேலை எனக்குச் சிரிப்போடுதான் தொடங்கியது. ஓடு, நில் என்று வாங்கிலிருந்து சைகை காட்ட வேண்டும். நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன், ஓம், ஓடு என்று. அவர்களுக்கு அது, பார்ப்போம், அவசரமில்லை என்று விளங்கியது. ஏன் நிற்கிறாய் என்று நாடியை மேலே தூக்கிக் கேட்டேன். சிசிலியில் நாடியைத் தூக்கினால் இல்லை என்று அர்த்தம். தபால்காரர் இரண்டாவது பேஸில் ஆணி அடித்ததுபோல் நின்றார். பிறகு வந்து, உன் தலையைக் கழுத்தோடு கட்டிவை, கையை மட்டும் பாவித்துச் சைகை காட்டு என்றார். நடுவரிடம் நான் எப்போதாவதுதான் போவேன். எனக்கு நிச்சயம் என்றால் மட்டும். போனால் அவர்கள் கேட்டார்கள். இன்னும் அடிக்கடி போகச் சொல்லிப் பல்வைத்தியர் நெருக்கினார். நான் போகவில்லை. ஆனால் நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதையல்ல. விளையாடுகிறவனுக்கு ஒரு உடம்புதான். தன் உடம்பு. மனேஜரிடம் அணியிலுள்ள எல்லோருடைய உடம்பும் இருக்கிறது. யார் குடித்திருக்கிறான், யார் மனைவியோடு சண்டை பிடித்துவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்திருக்கிறான், யாருக்கு எங்கே நோகிறது. அவர்கள் சொல்லாமலே தெரியவரும். தெரிந்ததை என்ன செய்வது என்று எங்கேயும் எழுதியில்லை. இவ்வளவு தெரிந்த ஒருவன் மெல்ல மெல்ல, அந்த உடம்புகளைத் தன்னுடையவை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

நீனோவை உனக்குத் தெரியும். உன்னுடைய வளைபந்தை நீ அவனிடம்தான் படித்தாய். போர்கோ வெக்கியோவில் மீன் விற்கிறவனாக இப்போது அவனைத் தெரியும். அவன் எறிந்த நாட்களில் அந்த மைதானத்தில் அவனைப்போல் ஒருவரும் எறியவில்லை, நீயும் இல்லை. வடக்கிலுள்ள வேறொரு கிளப் அவனை எடுக்க விரும்பியது. எனக்குப் போன் எடுத்தார்கள். நான் யார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. முழங்கை ஈஸ்டரிலிருந்து சரியில்லை என்று சொன்னேன். நேராகச் சொன்னேன். சொன்னபோது எனக்கு மனதுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். நடுவரிடம் நடந்துபோன அதே ஆள்தான் இப்போதும் பேசுகிறேன் என்று நினைத்தேன். அவர்கள் நன்றி சொன்னார்கள். பிறகு போன் எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நீனோ எறியவில்லை. வசந்தத்தில் முழங்கை சுகமாகியிருந்தது. பழையபடி எறிந்தான். ஒருவரும் வரவில்லை. அடுத்த பருவம் அவன் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டான், தகப்பனோடு மீன் மேசையில் நின்றான்.

நான்தான் சொன்னேன் என்று அவனிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை, சந்தையில், சாளைமீன் வாங்கும்போது. சுற்றிலும் சனம். அதுதான் வசதி என்று நினைத்தேன்போல. அவன் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. தன் சிசிலியனில், மெதுவாகச் சொன்னான். “நீங்கள் சொன்னது உண்மைதான் மிஸ்டர். ஆனால் அது என் முழங்கை. என்னைக் கேட்டிருக்கலாம்.” பிறகு தலை வேண்டுமா, வெட்டிவிடவா என்று கேட்டான். இன்றைக்கும் அம்மாவுக்கு நல்ல மீனாகப் பார்த்துத்தான் கொடுக்கிறான், உன்னை விசாரிக்கிறான். எனக்கும் மீன் தருவான். யாருக்கும் தருவதுபோல.

அந்தப் பந்து என் கைக்குள் இருந்தது. நீனோவின் முழங்கை என் கைக்குள் இல்லை. பல வருடங்களாக இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். உண்மை சொல்வது ஒரே வேலை, யாரைப் பற்றிச் சொன்னாலும் ஒரே வேலை என்று. ஒன்றில் நான் என்னுடையதைக் கொடுத்தேன். மற்றதில் அவனுடையதை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு எந்த ஆட்டக்காரனின் உடம்பைப் பற்றியும் வெளியில் எவருக்கும் நான் வாய் திறந்ததில்லை. கேட்கிறவர்களை அவனிடமே அனுப்பிவிடுவேன். இது பல்வைத்தியருக்குப் பிடிக்கவில்லை. தன் கருவி பாதிதான் வேலை செய்கிறது என்று நினைத்திருப்பார்.

இப்போது நீ என்னிடம் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறாய். நோகிற தோளை நோகவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். அம்மா உன் பக்கம். முந்தநாள் அவ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கதை வந்தது. “இஞ்சாருங்கோ, பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னா உங்கடை வாய் அழுகிப் போகுமே? நான் சிஞ்ஞோராவிட்டை ஒரு நாளைக்கு எத்தினை பொய் சொல்லுறன். அவவின்ரை சமையல் நல்லாயிருக்கெண்டு சொல்லுறன். மகன் வாற மாதம் பாக்க வருவானெண்டு சொல்லுறன்.” நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. அந்த மனிசி மகன் வருவான் என்ற பொய்யில்தான் எழும்பி முகம் கழுவுகிறா என்றா. பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னா: “எங்களை இஞ்சை கூப்பிட்டது அந்தப் பந்துதானே. அதாலை அவனும் போகட்டுமன்.” அம்மாவின் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவ சொல்கிற பொய்யால் ஒரு கிழவி முகம் கழுவுகிறா. என்னுடைய பொய்யால் நீ வடக்கே போய், குளிரில், அந்தத் தோளால் எறிவாய். நீனோவின் முழங்கைபோல அது தன்பாட்டில் மாறவும் கூடும். முதல் மாதமே கிழிந்துபோகவும் கூடும். எனக்குத் தெரியாது. அந்த மனேஜருக்கும் தெரியாது. உனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் மூவரிலும் உனக்குத்தான் கூடத் தெரியும்.

இனி நேற்று நடந்தது. குரல் வயதானது, நிதானமானது. தானும் ஒரு காலத்தில் விளையாடியவர் என்றார். நீ எப்படிச் சாப்பிடுவாய், கோபக்காரனா, தாயை விட்டுப் பிரிந்து இருப்பாயா என்றெல்லாம் கேட்டார். தாயை விட மீனைத்தான் தேடுவான் என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகுதான் தோள். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆகவே வைத்தியரைக் கேட்பதற்கு முன் உங்களைக் கேட்கிறேன் என்றார். அந்தக் கணத்தில் இரண்டு பதிலும் என் வாய்க்குள் இருந்தன. இரண்டும் இத்தாலியனில் சின்ன வசனங்கள்தான். நான் சொன்னது இது: அவனுடைய தோள், அவனைக் கேளுங்கள். அவர், இப்படிச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள் என்றார். நான் என் ஆட்டக்காரர் எல்லோரைப் பற்றியும் இதையேதான் சொல்கிறேன், விசாரித்துப் பாருங்கள் என்றேன். “ஆனால் இவன் உங்கள் மகன். என் தகப்பன் என்றால் பொய் சொல்லியிருப்பார்.” என் மனைவியும் அதைத்தான் சொல்கிறா என்றேன். அவர் இன்னொரு தடவை சிரித்தார், ஆனால் முதல் சிரிப்புப்போல இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு நேரே போன் எடுப்பதாகச் சொன்னார். தோளில் ஏதும் இருந்தால் எடுப்போமா மாட்டோமா என்பது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆகவே அவர் நல்லவராகத் தெரிகிறார் என்பதை வைத்து நீ ஒன்றையும் கட்டிவிடாதே.

அவருடைய மனதில் ஒரு சந்தேகத்தை நான் போட்டுவிட்டேன். அது எனக்குத் தெரியும். சொல்லாமல் விடுவதும் ஒரு சொல்தான், அதுவும் இந்த வாயிலிருந்து. நீ கேட்ட ஒரு சொல்லை நான் தரவில்லை. இதற்காக நீ என்னோடு கதைக்காமல் விட்டால் நான் காரணம் கேட்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாலும் அதை நான் மறுக்கப் போவதில்லை. சுகம் என்று நீ சொன்னால், பின்னால் அவருக்குப் போன் எடுத்து வேறு கதை சொல்லுகிற ஆள் நான் இல்லை. அவர் திரும்ப என்னைக் கேட்டால் நேற்றுச் சொன்னதையே சொல்வேன். நான் உன் இடத்தில் இருந்தால் நோகிறது என்று சொல்லுவேன். பந்து நிலத்தில் பட்டது என்று சொன்ன என்னோடு அந்த வருடம் முழுக்க அணியில் ஒருவரும் காரில் பக்கத்தில் இருக்க விரும்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் போன் எடுப்பதற்கு முன், கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் தனியாக அந்தக் கையை முழுக்க உயர்த்திப் பார். எவ்வளவு போகிறது, எங்கே நிற்கிறது என்று. எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்கு எதைச் சொன்னாலும், அதை அறிந்துகொண்டு சொல்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் மலைக்குப் போகிறோம். அங்கே கோயில் கொண்ட புனிதை சாந்தா ரொசாலியாவிடம் அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது. என்ன நேர்த்தி என்று எனக்குச் சொல்லவில்லை, ஆனால் உனக்கும் எனக்கும் தெரிந்த நேர்த்திதான். வழமையாக மூவரும் போவோம். இந்த முறை நீ வராதே, வீட்டில் நில். அம்மா பஸ் ஏற மாட்டா, அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பா, பொறுத்துப் பொறுத்துத்தான் ஏறலாம். அவர் உன்னோடு கதைக்கிற நேரம் நாங்கள் பாதி மலையில் நிற்போம். அங்கே போன் இல்லை. என்ன சொல்லுவது என்று என்னைக் கேட்க உனக்கும் ஏலாது, உன்னைத் தடுக்க எனக்கும் ஏலாது.

அப்பா